தொடாமல் பார்த்த புலி

எங்கள் வீட்டு வரவேற்பறையில் ஒரு படம் தொங்குகிறது. பதினொரு வயதில், ஒரு புலிக்குட்டியை மடியில் வைத்துக்கொண்டு, அதன் வாயில் பால்புட்டியைப் பிடித்திருக்கிறேன். பள்ளி விடுமுறையில் குடும்பத்தோடு தாய்லாந்து சென்றபோது எடுத்தது. விடுமுறை முடிந்ததும் தமிழ்ப்பள்ளியில் ‘நான் சென்ற சுற்றுலா’ என்று கட்டுரை எழுதச் சொன்னார்கள். என் கட்டுரையை ஆசிரியர் வகுப்பில் உரக்க வாசித்தார். அந்தப் பெருமை கடந்த ஆண்டு வரை எனக்கு இருந்தது.

கடந்த ஆண்டு, மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் ஒரு பருவம் கேப் டவுனில் படித்தேன். இடைவிடுமுறையில் நால்வர் சேர்ந்து வாடகைக் கார் எடுத்துக்கொண்டு தென்கரையோரமாகக் கிழக்கே புறப்பட்டோம். தென்னாப்பிரிக்காவிலும் நம்மைப் போலவே இடப்பக்கம்தான் ஓட்ட வேண்டும் என்பதால் சிரமமில்லை. மோசல் பே, ஜார்ஜ், நைஸ்னா என்று ஊர்கள் வந்துகொண்டே இருந்தன. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் மலை. அந்த அழகை எழுதினால் இதழாசிரியர் வெட்டிவிடுவார். நேரே பிளெட்டன்பெர்க் பே நகருக்கு அருகிலுள்ள ஜுகானி சரணாலயத்துக்கு வருகிறேன்.

சிங்கம், புலி, சிறுத்தை, ஜாகுவார், பூமா எனப் பெரும்பூனைகள் பல அங்கே உள்ளன. வழிகாட்டியின் பின்னால் நடந்தே பார்க்க வேண்டும். வேலிக்குள் புதரும் மரமுமாக இடம் விரிந்து கிடப்பதால் சில விலங்குகள் கண்ணில் படவே இல்லை. காசு கொடுத்துவிட்டு வெறும் புல்லைப் பார்க்கிறோமே என்று தோழி முணுமுணுத்தாள். விலங்குக்கு ஒளிந்துகொள்ள உரிமை உண்டு என்றார் வழிகாட்டி.

புலி எங்களிடம் ஒளியவில்லை. வேலியோரம் வந்து உடம்பை உரசிக்கொண்டு, மூக்கு வழியாக ‘ப்ஃப், ப்ஃப்’ என்று காற்றை விட்டது. அது கோபமில்லை, புலிகள் ஒன்றையொன்று நட்பாக வரவேற்கும் ஒலி. மனிதர் கையில் வளர்ந்த புலி மனிதரையும் அப்படியே அழைக்கும். வழிகாட்டி இரு கைகளையும் சட்டைப்பையிலிருந்து எடுக்கவே இல்லை. பிறகு எங்களைப் பார்த்து, “குட்டியைத் தூக்கிப் படம் எடுத்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?” என்று கேட்டார். நான் கை தூக்கவில்லை.

இந்தத் தொழில் இப்படித்தான் நடக்கிறது. பிறந்த சில நாட்களிலேயே குட்டியைத் தாயிடமிருந்து பிரித்துவிடுவார்கள். பால் குடிக்கும் குட்டி இல்லாததால் தாய் சீக்கிரமே மீண்டும் சினைப்படும். குட்டி சில மாதங்கள் மடிகளில் தவழும். நகமும் பல்லும் வலுத்ததும் மடிக்கு ஆகாது. அடுத்த குட்டி வரும். முந்தைய குட்டி எங்கே போகும்? காட்டுக்குப் போகாது, வேட்டையைத் தாயிடம் கற்கவில்லை, மனிதரிடம் அச்சமும் இல்லை. தென்னாப்பிரிக்காவில் இப்படி வளர்ந்த சிங்கங்களில் பல, வேலியிட்ட நிலத்தில் பணம் கட்டி வருவோரின் துப்பாக்கிக்கு இரையாயின. எலும்புகள் ஆசியச் சந்தைக்கு வந்தன. 2017-இல் அந்நாட்டு அரசே 800 சிங்க எலும்புக்கூடுகளை ஏற்றுமதி செய்ய அனுமதித்தது. மறு ஆண்டு எண்ணிக்கையை உயர்த்தப் போக, வழக்காகி, 2019-இல் அந்த ஒதுக்கீடுகள் சட்டவிரோதம் எனத் தீர்ப்பானது. கூண்டில் சிங்கம் வளர்க்கும் தொழிலையே முடிவுக்குக் கொண்டுவரப்போவதாக அரசு 2021-இல் அறிவித்தது.

‘சரணாலயம்’ என்ற பெயர்ப்பலகையை யாரும் மாட்டிக்கொள்ளலாம். தொடவிடாமல், இனப்பெருக்கம் செய்யாமல், விலங்குகளை விற்காமல் இருந்தால்தான் அந்தப் பெயர் பொருந்தும். அப்படிப்பட்ட இடமும் முதியோர் இல்லம் போன்றதுதான். அங்குள்ள புலியால் காட்டில் ஒரு புலிகூடக் கூடாது. கட்டணம் வாங்கிக்கொண்டு குட்டியை மடியில் தரும் இடம் இனத்தைக் காப்பாற்றுகிறோம் என்று சொன்னால் நான் இனி நம்பமாட்டேன்.

அன்றிரவு ஒரு கணக்கு மனத்தை உறுத்தியது. நம் நாட்டுச் சின்னத்தில் இரண்டு புலிகள் நிற்கின்றன. 1950-களில் ஏறக்குறைய 3,000 இருந்ததாகச் சொல்லப்படும் மலாயாப் புலிகள், 2022-இல் வெளியான தேசியக் கணக்கெடுப்பின்படி 150-க்கும் குறைவு. காட்டழிப்பு, கண்ணி வேட்டை, இரையாகும் மான்களின் வீழ்ச்சி ஆகியவை காரணங்கள். நான் ஒரு புலியையும் காட்டில் பார்த்ததில்லை. மடியில் மட்டும் வைத்திருக்கிறேன்.

ஊர் திரும்பியதும் படத்தைக் கழற்றிவிடலாம் என்று அம்மாவிடம் சொன்னேன். “எவ்ளோ அழகா இருக்கடி அதுல” என்றார். படம் அங்கேயே இருக்கிறது. சென்ற மாதம் வீட்டுக்கு வந்த சித்தி அதைப் பார்த்துவிட்டு, “அந்த எடத்துப் பேரு என்ன? விடுமுறைக்குப் புள்ளைங்கள கூட்டிட்டுப் போகணும்” என்றார். உட்காரவைத்து அரை மணி நேரம் சொன்னேன். சித்தப்பாவிடம் கேட்டுச் சொல்வதாகப் போயிருக்கிறார்.