தாலியமும் அதன் உப்புக்களும்

பொருள்களை அவற்றின் ஒப்புமை கண்டு இனம் இனமாகப் பகுத்தல் இரசாயன நூலாரின் முதற்பணியாம். சோடியமும் பொட்டாசியமும் ஓரினம்; போரானும் அலுமினியமும் மற்றோரினம். இங்ஙனம் வகுத்த வேலிகளுள் அடங்காது, ஒரு குலத்திற் பிறந்து பல குலத்தார் நடையையும் மேற்கொள்ளும் உலோகம் ஒன்றுண்டு. அதுவே தாலியம். அதன் உப்புக்களின் இயல்பை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

1861ஆம் ஆண்டில் வில்லியம் குரூக்ஸ் என்னும் ஆங்கில அறிஞர், ஜெர்மனியின் ஹார்ஸ் மலைப்பகுதியில் கந்தகத் திராவகம் செய்யும் ஆலையொன்றிற் கிடைத்த கழிபொருளைச் சுடரிலிட்டு நிறமாலைக் கருவியால் நோக்கினார். அவர் தேடியது டெல்லூரியம். கண்டதோ அதுகாறும் எவரும் காணாத பச்சைக்கோடு ஒன்று. பசுந்தளிரைக் குறிக்கும் ‘தல்லோஸ்’ என்னும் கிரேக்கச் சொல்லினின்றும் புது மூலகத்திற்குத் தாலியம் எனப் பெயரிட்டார். நம் ‘தளிர்’ என்னும் சொல்லோடு அஃது ஒலியால் ஒத்திருத்தல் கேட்க இனிதே. ஆயினும் ஒலியொப்புமை ஒன்றே கொண்டு உறவு கற்பித்தல் மொழிநூலார்க்கு உடன்பாடன்று. இவ்விதி இரசாயனத்திற்கும் பொருந்தும் என்பதற்குத் தாலியமே சான்றாகும்.

1862இல் லாமி என்னும் பிரெஞ்சு அறிஞர் இதனை உலோகக் கட்டியாகவே பிரித்தெடுத்தார். அதன் குணங்களை ஆராய்ந்தோர் வியப்புற்றனர். தாராவின் அலகும் விலங்கின் உடலும் உடையதாய் முட்டையிடும் ஆஸ்திரேலியப் பிராணியாகிய பிளாட்டிபஸ்ஸுக்கு இதனை உவமித்தார் டூமா என்னும் இரசாயனப் பேரறிஞர்.

அணு எண் 81 உடைய தாலியம் போரான், அலுமினியம், கால்லியம், இண்டியம் என்பவற்றின் குலத்தது. அக்குலத்தார் பெரும்பாலும் மூன்று எலெக்ட்ரான்களைக் கொடுத்துக் கூடுவர். தாலியமோ ஒன்றையே எளிதிற் கொடுக்கும். அதன் புறக்கூட்டிலுள்ள மூன்றனுள் இரண்டு, கருவால் இறுகப் பற்றப்பட்டு வாளா இருத்தலின் என்க. இதனைச் ‘செயலற்ற இரட்டை’ என்று சிட்ஜ்விக் என்பார் விளக்கினார்.

ஒன்று கொடுத்த தாலியத்தின் உப்புக் கரைசலில் குளோரைடு, புரோமைடு, அயோடைடு இவற்றுள் ஒன்றன் கரைசலைச் சேர்ப்பின், தாலியக் கூட்டுப்பொருள் கரையாது அடியிற் படியும். குளோரைடு வெண்ணிறம், புரோமைடு இளமஞ்சள், அயோடைடு நன்மஞ்சள். வெயில் படின் தாலியக் குளோரைடு வெள்ளிக் குளோரைடு போலவே நிறங் கறுக்கும். இதுகொண்டு வெள்ளிக்கு உறவென்போமாயின், வெள்ளிக் குளோரைடு அம்மோனியாவிற் கரைய, இது கரையாது நிற்கும். தண்ணீரிற் சிறிதும் வெந்நீரில் மிகுதியுமாகக் கரைதலால் ஈயக் குளோரைட்டை ஒக்கும். மஞ்சள் அயோடைட்டை ஏறக்குறைய 170 பாகைக்கு மேற் சூடாக்கினாற் சிவக்கும். ஆறின் மீண்டும் மஞ்சளாகும். புளுரைடோ நீரில் எளிதிற் கரையும். ஹைட்ராக்சைடும் அவ்வாறே கரைந்து, பொட்டாசியத்தினது போன்ற வலிய காரமாம்.

நீரிற் கலக்கிய தாலியக் குளோரைட்டினுள் குளோரின் வாயுவைச் செலுத்தின், மூன்று குளோரின் அணுக்களையுடைய டிரைகுளோரைடு உண்டாகும். சூட்டினால் அது குளோரினை விடுத்து முன்னிலையை எய்தும். மூன்று அயோடின் அணுக்களையுடைய டிரை அயோடைடும் உண்டு. வாய்பாட்டளவில் இரண்டும் ஒரு தன்மையன. உள்ளமைப்பிலோ வேறுபாடு பெரிது. முன்னதிலே தாலியம் மூன்று கொடுத்தது. பின்னதிலே ஒன்றே கொடுத்தது. ஆண்டு மூன்று அயோடின் அணுக்களும் தம்முட் கைகோத்து ஒரு தொகுதியாய் நிற்கின்றன. வாய்பாடு எண்ணிக்கையைச் சொல்லுமேயன்றி உறவைச் சொல்லாது.

கரியணுவோடு நேரே பிணையுங்கால் தாலியம் பெரும்பாலும் மூன்று கொடுக்கும் நிலையையே நாடும். டிரைகுளோரைட்டின்மேல், கிரின்யார்டு கண்ட மக்னீசியக் கூட்டுப்பொருள் வினைபுரியின், இரண்டு மெதைல் தொகுதிகள் பொருந்திய டைமெதைல் தாலிய உப்புக்கள் உண்டாகும். அவை காற்றையும் நீரையும் அஞ்சா. தாலியத்தின் இருபுறமும் மெதைல்கள் ஒரே நேர்கோட்டில் நிற்றல், அட்டவணையில் அயலதாகிய பாதரசத்தின் கூட்டுப்பொருளை முற்றும் ஒப்பதாம். மூன்றாம் மெதைலும் ஏறிய டிரைமெதைல் தாலியமோ, நீர் பட்ட அளவில் ஒன்றை இழந்து டைமெதைல் நிலைக்கே திரும்பும்.

இவ்வொப்புமைகளுள் மனிதர்க்குப் பெருங்கேடு விளைப்பது பொட்டாசிய ஒப்புமையே. ஒன்று கொடுத்த தாலியமும் பொட்டாசியமும் மின்னூட்டத்தில் ஒத்தன. பருமையிலும் மிக நெருங்கியன. ஆட்டுத்தோல் போர்த்துத் தமையனாகத் தோன்றிய யாக்கோபைக் கண்மங்கிய ஈசாக்கு ஏற்றாற்போல, உயிரணுவும் தாலியத்தைப் பொட்டாசியமென்று கருதி உள்ளே ஏற்கின்றது. புகுந்தபின் நரம்புகள் கெடும்; சில வாரங்களில் மயிர் உதிரும்; உயிரும் நீங்கும். மணமும் சுவையும் இன்மையால் உண்பார் அறியார். எலிமருந்தாக வழங்கிய தாலிய உப்பை அமெரிக்க நாடு 1972இல் விலக்கியது. ஓவியர் வழங்கும் பிரஷ்ய நீலமே இந்நஞ்சுக்கு மாற்று மருந்து. அது குடலில் தாலியத்தைப் பற்றி வெளியேற்றும்.

கேடு விளைத்த அதே ஒப்புமை நன்மைக்கும் ஏதுவாயிற்று. கதிர்வீசும் தாலியம் 201இன் குளோரைட்டை மிக நுண்ணிய அளவில் குருதியிற் செலுத்துவர். அது நஞ்சாகும் அளவினும் மிகக் குறைந்தது. அதன் கதிரும் ஏறக்குறைய 73 மணி நேரத்திற் பாதியாகும். குருதி நன்கு பாயும் இருதயத் தசை அதனைப் பொட்டாசியமென்றே ஏற்கும். குருதி தடைப்பட்ட தசை பெறாது நிற்கும். கதிரைப் படம்பிடிக்கும் கருவியில் அவ்விடம் வெறுமையாய்த் தோன்ற, மருத்துவர் நோயின் இடத்தை அறிவர். 1970களிற் பரவிய இம்முறையின் இடத்தைப் பின்னர் டெக்னீஷியக் கூட்டுப்பொருள்கள் பெரும்பாலும் கைக்கொண்டன. எனினும் வழிகாட்டியது தாலியமே.

ஆகவே ஒப்புமை காண்டல் அறிவின் தொடக்கம். அதனைச் சோதித்தலே அறிவு. அம்மோனியாவில் ஒருமுறையும் வெந்நீரில் ஒருமுறையும் இட்டுப் பாராமல் ஒரு வெண்பொடிக்குக் குலம் கூறுதல் தகாது. சொல்லாராய்ச்சி செய்யும் நமக்கும் இஃது ஏற்ற நெறியாம்.