காய்ந்த நெல்லின் கணக்கு

அறுவடை முடிந்து கதிர்கள் களத்திற்கு வந்துவிட்டன. அடித்துத் தூற்றிப் பதர் நீக்கிய நெல் பொலியாகக் குவிந்து கிடக்கின்றது. உழவர் ஒருவர் அப்பொலியிலிருந்து ஒரு கலம் நெல்லை, அஃதாவது 12 மரக்கால் நெல்லை, அளந்து எடுக்கின்றார். அதனை நிறுத்தும் பார்க்கின்றார். பின்பு அந்நெல்லை வெயிலில் உலர்த்தி மீண்டும் அளக்கின்றார். மரக்கால் கணக்கில் சிறிதே குறைவு காணப்படுகின்றது. ஆனால் நிறுத்துப் பார்த்தால் எடையோ பெரிதும் குறைந்திருக்கின்றது. "அளவு குறையாத நெல் எடை மட்டும் குறைவது எங்ஙனம்? காவலிருந்தவன் கைவைத்தானோ? துலாக்கோல்தான் பொய்த்ததோ?" என்று அவர் உள்ளம் ஐயுறுகின்றது. மாணவர்களே, அவர் ஐயம் முறையானதுதானா என்பதை ஆராய்வோம்.

முற்றிய நெல்லிலும் நீர் உண்டு. அறுவடைக் காலத்தில் நெல்லின் எடையில் நூற்றுக்கு 20 முதல் 25 பங்கு வரை நீராகவே இருத்தல் கூடும். இத்துணை ஈரத்துடன் குதிரில் இட்டால் நெல் சூடேறும், பூஞ்சணம் பற்றும், விதைநெல்லாயின் முளைக்கும் ஆற்றலை இழக்கும். ஈரம் நூற்றுக்கு 14 பங்கு அல்லது அதற்கும் கீழே இறங்கிய பின்னரே சேமித்து வைத்தல் நன்று. ஆதலின் வெயிலும் காற்றும் அந்நீரைக் கவர்ந்து செல்லுமாறு நெல்லை உலர்த்துகின்றோம்.

இனி எடைக் கணக்கைக் காண்போம். நூற்றுக்கு 24 பங்கு ஈரமுள்ள நெல் 100 கிலோகிராம் இருக்கின்றது எனக் கொள்வோம். அதில் நீர் 24 கிலோகிராம். நீரல்லாத பொருள் 76 கிலோகிராம். இதனை 14 பங்கு ஈரமாகும் வரை உலர்த்தினால் எஞ்சுவது எவ்வளவு? "24-இல் 14 போக 10, ஆகவே 90 கிலோகிராம் எஞ்சும்" என்று பலர் விரைந்து கூறுவர். அது பிழை. நீர் போகலாம், 76 கிலோகிராம் பொருள் போகாது. காய்ந்த நெல்லில் அப்பொருள் நூற்றுக்கு 86 பங்காக நிற்றல் வேண்டும். அவ்வாறு கணக்கிட்டால் எஞ்சுவது ஏறத்தாழ 88 கிலோகிராமே. குறைந்தது 11½ கிலோகிராமுக்கும் சற்று மேல்!

இவ்வளவு எடை குறைந்தும் மரக்கால் அதனைக் காட்டாதது ஏன்? நெல்லின் உமி, அரிசிக்கு அமைந்த வீடு போன்றது. நீர் நீங்கும்போது உள்ளிருக்கும் அரிசி சுருங்குகின்றது. உமியாகிய வீடோ பெரிதும் சுருங்காமல் தன் வடிவில் நிற்கின்றது. மரக்கால் வீட்டை அளக்கின்றது. துலாக்கோல் உள்ளிருப்பதையும் சேர்த்து நிறுக்கின்றது.

எல்லாத் தானியங்களும் இவ்வாறு நடப்பதில்லை. கோதுமையை அடிக்கும்போதே உமி கழன்றுவிடுகின்றது. நீர் நீங்கியவுடன் மணியே சுருங்குகின்றது. காய்ந்த மணிகள் எளிதில் வழுக்கி நெருங்கி அமைவதால், இடையிலுள்ள காற்றிடமும் குறைகின்றது. ஆதலின் ஒரு மரக்கால் ஈரக்கோதுமையைவிட ஒரு மரக்கால் காய்ந்த கோதுமை மிகுந்த எடையுடையது. மக்காச்சோளமும் அத்தகையதே. நெல்லிலோ ஒரு மரக்கால் ஈரநெல்லே எடை மிகுந்தது. நீரை இழத்தல் ஒன்றே. அதன் பயன் தானியத்திற்குத் தானியம் வேறுபடுதல் வியப்பன்றோ?

உலர்த்துவதிலும் முறை உண்டு. கடுவெப்பத்தில் விரைந்து காய்ந்தால் அரிசியின் புறம் முன்னே சுருங்கும்; அகம் அவ்வாறு சுருங்காது. இவ்விழுபறியால் அரிசியில் கீறல் விழும். நன்றாகக் காய்ந்த நெல் இரவுப் பனியில் நனைந்தாலும் புறம் விரைந்து பருத்துக் கீறல் விழும். அத்தகைய நெல்லைக் குற்றினால் முழு அரிசி குறைந்து நொய் மிகும். ஆகவே மெல்லிய படலமாகப் பரப்பி, அடிக்கடி கிளறி, மாலையில் குவித்து மூடிவைத்தல் வேண்டும்.

1956-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட எடை அளவைச் சட்டத்தின் பின்னர், கிலோகிராம் முறை நாட்டில் படிப்படியாகப் பரவியது. நெல் கொள்முதலும் எடையைக் கொண்டே நடைபெறுகின்றது. நெல்லின் ஈரம் நூற்றுக்கு 17 பங்குக்கு மிகாதிருத்தல் வேண்டும் என்பது நடுவணரசு வகுத்த பொது வரையறை. எடையோடு ஈரத்தையும் அறிந்தாலன்றி, விற்பவர்க்கும் வாங்குபவர்க்கும் நடுநிலை கிட்டாது. ஈரநெல்லை வாங்கியவர் நீருக்கும் விலை கொடுத்தவராவார். மிகக் காய்ந்த நெல்லை அதே விலைக்கு விற்றவர், தம் பொருளில் ஒரு பகுதியை விலையின்றிக் கொடுத்தவராவார்.

நம் உழவரின் களத்திலிருந்து நெல்லைக் கவர்ந்தவர் யார்? கதிரவனும் காற்றுமே, அவை கவர்ந்ததும் நீரையே. காவலன்மீது குற்றமில்லை; துலாக்கோலும் பொய்க்கவில்லை. கணக்கறியாத இடத்தில் ஐயம் முளைக்கின்றது. ஐயம் முதிர்ந்தால் குற்றமற்றவர்மீதும் பழி விழுகின்றது. ஆகவே பிறரை ஐயுறுமுன் பொருளின் இயல்பை ஆராய்ந்தறிதல் அறிவுடையோர் கடனாகும்.