ஒன்பது எட்டானது, ஓரத்துப் பாடம் நடுவுக்கு வந்தது

1980-களில் பள்ளியில் படித்த யாரையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பித்துவிடுவார்கள்: புதன், வெள்ளி, பூமி, செவ்வாய், வியாழன், சனி, யுரேனஸ், நெப்டியூன், புளூட்டோ. வாத்தியார் பிரம்பை மேசையில் தட்டத் தட்ட, வகுப்பே ஒரே ராகத்தில் சொல்லும். பரீட்சையில் கோடிட்ட இடம் வரும்: சூரியனிலிருந்து மிகத் தொலைவில் உள்ள கோள் எது? புளூட்டோ என்று எழுதினால் ஒரு மதிப்பெண்.

வேடிக்கை என்னவென்றால், அந்த விடை அப்போது சரியே இல்லை. புளூட்டோவின் பாதை நீண்டு நசுங்கிய பாதை. சூரியனை ஒருமுறை சுற்றிவர அதற்கு 248 ஆண்டுகள் ஆகின்றன. அதில் சுமார் 20 ஆண்டுகள் அது நெப்டியூனைவிடச் சூரியனுக்குப் பக்கத்தில் இருக்கும். 1979 பிப்ரவரியில் உள்ளே வந்த புளூட்டோ 1999 பிப்ரவரியில்தான் வெளியே போனது. இடைப்பட்ட காலத்தில் ‘நெப்டியூன்’ என்று எழுதிய பிள்ளை யாராவது இருந்திருந்தால், சரியான விடைக்குத் தப்புப் போட்டிருப்பார்கள்.

2006 ஆகஸ்ட் 24 அன்று பிராக் நகரில் கூடிய பன்னாட்டு வானியல் ஒன்றியம், கோள் என்பதற்கு மூன்று நிபந்தனைகள் வைத்தது. சூரியனைச் சுற்ற வேண்டும். தன் ஈர்ப்பாலேயே உருண்டையாகத் திரண்டிருக்க வேண்டும். தன் பாதையில் தனக்கு ஈடான வேறு பொருள்கள் இல்லாதபடி சுற்றுப்புறத்தைத் துப்புரவாக்கியிருக்க வேண்டும். மூன்றாவதில் தோற்ற புளூட்டோ ‘குறுங்கோள்’ ஆனது. அதற்கு முந்தைய ஆண்டு ஏரிஸ் என்ற பொருள் கண்டுபிடிக்கப்பட்டிருந்தது. புளூட்டோவைவிடப் பெரியது என்று அப்போது கணித்தார்கள். இதையும் பத்தாவது கோளாகச் சேர்ப்பதா, இல்லை வரையறையை இறுக்கிப் புளூட்டோவை விலக்குவதா என்ற கேள்வி வந்தபோது, இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தார்கள். 2006 ஜனவரியில் புளூட்டோவை நோக்கிப் புறப்பட்ட ‘நியூ ஹொரைசன்ஸ்’ விண்கலம் கோளைப் பார்க்கக் கிளம்பி, 2015 ஜூலையில் ஒரு குறுங்கோளிடம் போய்ச் சேர்ந்தது.

எண்ணிக்கையில் மாறியது அது ஒன்றுமட்டும் அல்ல. வளையம் என்றால் சனிக்கு மட்டும் என்று படித்த தலைமுறை உண்டு. 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தை மறைத்துக் கடந்தது. விமானத்தில் தொலைநோக்கியோடு பறந்த அமெரிக்க வானியலாளர்கள் யுரேனஸின் வளையங்களைக் கண்டுகொண்டார்கள். அதே இரவில் ஜவ்வாது மலையில், காவலூர் வானாய்வகத்தில் இருந்த பட்டாச்சார்யாவும் குப்புசாமியும் அந்த நட்சத்திரத்தின் ஒளி குன்றியதைப் பதிவு செய்தார்கள். 1979-இல் வாயேஜர் வியாழனின் வளையத்தைக் காட்டியது. 1989-இல் நெப்டியூனின் வளையங்களும் உறுதியாயின. சனிக்குப் பதினேழோ பதினெட்டோ நிலவுகள் என்று நெட்டுருப் போட்டவர்களின் பிள்ளைகள் காலத்தில், 2025 மார்ச் கணக்குப்படி, சனியின் நிலவுகள் 274. வேறு சூரியன்களைச் சுற்றும் கோள்களைப் பற்றி அன்று பாடப்புத்தகம் வாயே திறக்கவில்லை. நம் சூரியனைப் போன்ற ஒரு நட்சத்திரத்தைச் சுற்றும் முதல் கோள் 1995-இல்தான் அகப்பட்டது. இன்று அப்படிப்பட்டவை ஐயாயிரத்துக்கும் மேல்.

இனி அடுத்த பாடம். அன்றைய அறிவியல் புத்தகத்தில் ‘மரபுசாரா எரிசக்தி’ ஓரத்தில் கிடந்த பாடம். பெரும்பாலும் ஆண்டுக் கடைசியில், அவசர அவசரமாக நடத்தி முடிக்கப்படும். சாண எரிவாயுக் கலனின் படம் வரைந்து பாகங்களைக் குறிக்க வேண்டும். உள்ளே கறுப்புப் பூசிய பெட்டி, மேலே முகம் பார்க்கும் கண்ணாடி என்று சூரிய அடுப்பு ஒன்று இருக்கும். காற்றாலைக்கு நாலு வரி. இவையெல்லாம் எதற்கு என்றால், நிலக்கரியும் பெட்ரோலும் ஒருநாள் தீர்ந்துபோகும் என்று காரணம் சொல்வார்கள். 1973-இல் பெட்ரோல் விலை உலகையே உலுக்கிய பிறகு எழுதப்பட்ட பாடம் அது. அதில் இருந்தது பற்றாக்குறை பற்றிய பயம். நிலக்கரி தீரும் முன்பே அதன் புகை பூமியைச் சூடாக்கிவிடும் என்ற கவலை பின்னால் வந்தது. இன்றைய பாடத்தில் முதல் காரணம் அதுதான்.

பாடம் ஓரத்தில் கிடந்த அதே நாட்களில் நாலு வரிக் காற்றாலை நிஜமாகவே எழுந்து நின்றது. 1986-இல் தூத்துக்குடி அருகே முள்ளக்காட்டில் மாதிரிக் காற்றாலைகளை நட்டார்கள். ஒவ்வொன்றும் 55 கிலோவாட். மேற்குத் தொடர்ச்சி மலையில் இடைவெளி விழுந்த இடங்கள் தமிழ்நாட்டுக்குக் கிடைத்த வரம். ஆரல்வாய்மொழி, செங்கோட்டை, பாலக்காடு ஆகிய கணவாய்களில் புகுந்து வரும் தென்மேற்குப் பருவக்காற்று மே முதல் செப்டம்பர் வரை விடாமல் அடிக்கும். முப்பந்தலிலும் கயத்தாற்றிலும் காற்றாடிகள் பெருகின. இன்று நிறுத்தும் காற்றாலை ஒன்றே இரண்டு, மூன்று மெகாவாட். முள்ளக்காட்டில் நின்ற மாதிரியில் சுமார் ஐம்பது சேர்ந்தால்தான் இதில் ஒன்றுக்கு ஈடாகும். மாநிலத்தின் மொத்தக் காற்றாலைத் திறன் 10,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது.

சூரிய மின்சாரத்தின் கதை இன்னும் வேகமானது. 1954-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகம் காட்டிய சிலிக்கான் மின்கலம், விழுந்த ஒளியில் நூற்றுக்கு ஆறு பங்கை மின்சாரமாக்கியது. இன்று கடையில் கிடைக்கும் தகடே இருபது பங்கைத் தாண்டுகிறது. அதைவிடப் பெரிய மாற்றம் விலையில். 2010-11-இல் மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையம் சூரிய மின்சாரத்துக்கு வைத்த விலை யூனிட்டுக்கு 17 ரூபாய் 91 காசு. 2017 மே மாதம் ராஜஸ்தானின் பட்லா பூங்காவுக்கான ஏலத்தில் அது 2 ரூபாய் 44 காசுக்கு இறங்கியது. இடையில் 2016-இல் ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 648 மெகாவாட் நிலையம் வந்தது. வானம் பார்த்த பூமி என்று சொல்லப்பட்ட மண்ணில் வெயிலே விளைச்சலானது.

ஒரு தற்செயலையும் சொல்ல வேண்டும். புளூட்டோ நீங்கிய 2006-ஆம் ஆண்டில்தான், மத்திய அரசின் மரபுசாரா எரிசக்தி அமைச்சகம் ‘புதிய மற்றும் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி அமைச்சகம்’ ஆனது. இரண்டு பாடங்களும் ஒரே ஆண்டில் திருத்தத்துக்கு வந்துவிட்டன.

புத்தகமும் மாறித்தான் இருக்கிறது. 2018 முதல் வந்த தமிழ்நாட்டுப் பாடநூல்களில் வண்ணப் படங்கள் உண்டு, க்யூஆர் குறியீடு உண்டு. செல்பேசியைக் காட்டினால் காணொளி ஓடும். சந்திரயான்-3 நிலவில் இறங்கியதையும் ஆதித்யா-எல்1 சூரியனை நோக்கிக் கிளம்பியதையும் பிள்ளைகள் நேரலையில் பார்த்தார்கள். ஒன்றின் திட்ட இயக்குநர் விழுப்புரத்தைச் சேர்ந்த வீரமுத்துவேல், மற்றதன் திட்ட இயக்குநர் செங்கோட்டையைச் சேர்ந்த நிகார் ஷாஜி. கிரகணம் என்றால் கதவைச் சாத்திக்கொண்ட வீடுகளின் பேரப்பிள்ளைகள், 2019 டிசம்பர் 26 அன்று வளையச் சூரியனைக் கறுப்புக் கண்ணாடி வழியே பார்த்து ஆரவாரம் செய்தார்கள்.

மாறாதது ஒன்று உண்டு. சூரியக் குடும்பம் ஆறாம் வகுப்புச் சமூக அறிவியலில், புவியியல் பகுதியில் இருக்கிறது. காற்றும் சூரிய மின்சாரமும் பத்தாம் வகுப்பு அறிவியலில், சுற்றுச்சூழல் மேலாண்மையில் வருகின்றன. புத்தகம் வேறு, ஆசிரியர் வேறு, நடுவில் நாலு வருஷம். இரண்டும் ஒரே கதை என்று பிள்ளைக்கு யார் சொல்வது?

சூரியன் ஒவ்வொரு விநாடியும் சுமார் 60 கோடி டன் ஹைட்ரஜனை ஹீலியமாக்குகிறது. அதன் ஒளி எட்டேகால் நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலான நேரத்தில் இங்கே வந்து சேர்கிறது. நிலமும் கடலும் அதில் ஒரே அளவாகச் சூடாவதில்லை. அந்த வேறுபாட்டில் பிறக்கும் காற்றுதான் முப்பந்தல் காற்றாடியைச் சுழற்றுகிறது. கடல்நீர் ஆவியாகி மழையாக இறங்கித்தான் பைக்காராவிலும் மேட்டூரிலும் மின்சாரம் கிடைக்கிறது. சாண எரிவாயுவும் வெயிலில் விளைந்த தீவனம்தான். நெய்வேலி நிலக்கரிகூட என்றைக்கோ மரம் சேர்த்துவைத்த வெயில். கடல் ஓதத்துக்கு நிலவு பெரும்பங்கு காரணம், புவிவெப்பம் பூமியின் சொந்தச் சூடு. இந்த இரண்டையும் அணுசக்தியையும் ஒதுக்கிவிட்டால், நாம் புழங்கும் ஆற்றல் அனேகமாக முழுவதும் ஒரே உலையிலிருந்து வருவது.

இதில் கணக்கும் இருக்கிறது. வியாழனைச் சுற்றப்போன ‘ஜூனோ’ விண்கலத்தின் தகடுகள் பூமிக்கு அருகில் சுமார் 14,000 வாட் தரக்கூடியவை. வியாழனிடத்தில் சுமார் 500 வாட்தான் தந்தன. ஏன்? சூரியனிலிருந்து வியாழன் நம்மைப்போல் 5.2 மடங்கு தூரத்தில் இருக்கிறது. ஒளியின் வலிமை தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறையும். 5.2-ஐ அதனாலேயே பெருக்கினால் கிட்டத்தட்ட 27. பதினாலாயிரத்தை இருபத்தேழால் வகுத்துப் பார்த்தால் விடை கையில். கோளின் தூரம் என்று மனப்பாடம் செய்த எண், மின்சாரக் கணக்குக்கு உயிர் கொடுக்கிறது.

இன்றைய பாடம் விட்டுவிடுகிற சங்கடத்தையும் பிள்ளைகள் அறிய வேண்டும். நண்பகலில் பொங்கும் சூரிய மின்சாரம், வீடுகளில் விளக்கெரியும் நேரத்தில் இல்லாமல் போகிறது. பருவக்காற்று ஓய்ந்தால் காற்றாலையும் ஓய்ந்துவிடும். ஆகவே சேமித்துவைக்க வழி வேண்டும். கோவை மாவட்டம் காடம்பாறையில் 1980-களின் கடைசியிலிருந்தே, உபரி மின்சாரத்தால் தண்ணீரை மேல் அணைக்கு ஏற்றி, தேவைப்படும்போது இறக்கி 400 மெகாவாட் எடுக்கும் நிலையம் இருக்கிறது. ‘மரபுசாரா எரிசக்தியின் நன்மைகள் யாவை’ என்று கேட்ட காலம் போகட்டும். ‘மாலை ஏழு மணிக்கு என்ன செய்வாய்’ என்பதே இனி கேட்க வேண்டிய கேள்வி.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். செலவில்லாத சோதனை ஒன்று உண்டு. ஆண்டில் இரண்டு நாட்கள் தமிழ்நாட்டில் நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கும், நட்ட குச்சிக்கு நிழலே விழாது. கன்னியாகுமரியில் ஏப்ரல் இரண்டாம் வாரத்திலும் சென்னையில் நான்காம் வாரத்திலும் அது வருகிறது. பிறகு ஆகஸ்ட் பின்பாதியிலோ செப்டம்பர் தொடக்கத்திலோ மறுபடி வரும். அன்று பிள்ளைகளை மைதானத்துக்கு அழைத்துப் போங்கள். கூரையில் சூரியத் தகட்டை ஏன் தெற்கே சாய்த்து வைக்கிறார்கள் என்பதையும், பூமி சாய்ந்தே சுற்றுகிறது என்பதையும் அங்கேயே சேர்த்துச் சொல்லலாம். வினாத்தாள் தயாரிப்பவர்களுக்கும் ஒன்று: கோள்கள் எத்தனை என்று கேட்காதீர்கள். அந்த எண் மறுபடியும் மாறலாம். எட்டானது எப்படி என்று கேளுங்கள்.