சென்சாரை மாற்றும் முன்

உச்சி வெயிலில், நெரிசலில் ஊர்ந்துகொண்டிருக்கும் பழைய பெட்ரோல் கார் திடீரென்று நின்றுவிடுகிறது. சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் சுற்றுகிறது; எஞ்சின் பிடிக்கவில்லை. ஓரமாகத் தள்ளிவிட்டு அரைமணி நேரம் காத்திருந்தால் ஒன்றுமே நடக்காததுபோல் ஸ்டார்ட் ஆகிறது. மறுநாள் ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனால் கோளாறு தலைகாட்டுவதில்லை. பெட்ரோல் பம்ப், ஸ்பார்க் பிளக், பேட்டரி என்று ஒவ்வொன்றாக மாற்றிய பிறகும் வண்டி அதே வெயிலில் மறுபடி நிற்கிறது. இப்படிப்பட்ட கார்களில் பல நேரங்களில் குற்றவாளி, கட்டைவிரல் அளவே உள்ள கிராங்க்‌ஷாஃப்ட் சென்சார். சூடேறியதும் அதற்குள் இருக்கும் நுண்ணிய கம்பிச் சுருளில் தொடர்பு அறுகிறது. ஆறியதும் மீண்டும் ஒட்டிக்கொள்கிறது.

பெரும்பாலான கார்களில் அந்த சென்சாரைப் பிடித்திருப்பது ஒரே ஒரு 10 மி.மீ. போல்ட். கையில் ஸ்பேனர் பிடித்துப் பழகிய எவரும் வீட்டு வாசலிலேயே அதை மாற்றிவிடலாம். கழற்றி மாட்டுவது எளிது. எதைக் கழற்றுவது என்று கண்டுபிடிப்பதில்தான் முழு வேலையும் இருக்கிறது.

கார்புரேட்டர் காலத்துக் கார்களில் இந்தத் தலைவலி இல்லை. அங்கே காற்றும் பெட்ரோலும் கலப்பதை ஜெட், மிதவை, ஸ்குரூ ஆகியவையே பார்த்துக்கொண்டன. புகைக் கட்டுப்பாடு கடுமையானபோது அந்த ஏற்பாடு போதவில்லை. வெளியேறும் புகையில் ஆக்ஸிஜன் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று அளந்து, அதற்கேற்ப பெட்ரோலைக் கூட்டிக் குறைக்க உதவும் ஆக்ஸிஜன் சென்சாரை பாஷ் நிறுவனம் உருவாக்கியது. 1976இல் அமெரிக்கச் சந்தைக்கான வோல்வோ கார்களில் அது முதன்முதலில் இடம்பெற்றது. இந்தியாவில் இந்த மாற்றம் 1990களின் கடைசியில் வேகம் பிடித்தது. ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் தயாராகி 1998இல் வெளிவந்த ஹூண்டாய் சான்ட்ரோ, ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி இன்ஜெக்டரால் பெட்ரோலைப் பீச்சும் எம்.பி.எஃப்.ஐ. எஞ்சினோடுதான் அறிமுகமானது. 2000 பிப்ரவரியில் ஈயம் கலந்த பெட்ரோல் நாடு முழுவதும் நிறுத்தப்பட்டது. ஈயம் ஆக்ஸிஜன் சென்சாரையும், புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரையும் நஞ்சாகப் பாதித்துச் செயலிழக்கச் செய்யும் என்பதால், இவை பரவ அந்த முடிவு அவசியமாக இருந்தது.

எம்.பி.எஃப்.ஐ. கார்களில் ஈ.சி.யூ. என்ற சிறிய கணினி, சென்சார்கள் சொல்வதை வைத்தே ஒவ்வொரு நொடியும் முடிவெடுக்கிறது. கிராங்க்‌ஷாஃப்ட் சென்சார் எஞ்சினின் வேகத்தையும் பிஸ்டன்களின் நிலையையும் சொல்கிறது. அது பேசாவிட்டால் ஸ்பார்க்கும் இல்லை, பெட்ரோலும் இல்லை. கூலன்ட் சென்சார் எஞ்சின் எவ்வளவு சூடாக இருக்கிறது என்று சொல்கிறது. த்ராட்டில் சென்சார் த்ராட்டில் வால்வு எவ்வளவு திறந்திருக்கிறது என்பதையும், மேப் சென்சார் அல்லது காற்றோட்ட சென்சார் எஞ்சினுக்குள் எவ்வளவு காற்று போகிறது என்பதையும் சொல்கின்றன. ஆக்ஸிஜன் சென்சார் கடைசியில் நின்று கணக்கைச் சரிபார்க்கிறது: ஒரு கிலோ பெட்ரோலுக்கு 14.7 கிலோ காற்று என்பதே இலக்கு.

கிராங்க் சென்சாரைத் தவிர மற்றவற்றில் ஒன்று தவறாகச் சொன்னாலும் வண்டி பெரும்பாலும் ஓடும். ஆனால் கெட்டு ஓடும். கூலன்ட் சென்சாரின் கம்பி அறுந்துவிட்டால் ஈ.சி.யூ.வுக்கு அது மைனஸ் 40 டிகிரி குளிராகத் தெரியும். கொளுத்தும் வெயிலிலும் பனிநாட்டு எஞ்சினுக்கு ஊட்டுவதுபோல் பெட்ரோலை அள்ளி ஊற்ற முற்படும். மைலேஜ் விழும், கரும்புகை வரும், சூடான எஞ்சின் மறுபடி ஸ்டார்ட் ஆக முரண்டு பிடிக்கும். அப்படியே மாதக்கணக்கில் ஓட்டினால் எரியாத பெட்ரோல் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து, சென்சாரைவிடப் பல மடங்கு விலையுள்ள அந்தப் பாகத்தையே அழித்துவிடும்.

டாஷ்போர்டில் எஞ்சின் விளக்கு எரிந்தால் முதலில் தேவைப்படுவது ஸ்கேனர். இந்தியாவில் பாரத் ஸ்டேஜ் 4 புகை விதிக்கு உட்பட்ட கார்களுக்கு 2013 ஏப்ரலிலிருந்து, கோளாறைத் தானே கண்டறிந்து பதிவுசெய்யும் ஓ.பி.டி.-2 அமைப்பு கட்டாயமானது. அந்தக் கார்களில் ஸ்டீயரிங்கின் கீழே உள்ள 16 முள் சாக்கெட்டில் ஒரு சிறிய புளூடூத் அடாப்டரைச் செருகினால் செல்போனிலேயே கோளாறுக் குறியீட்டைப் படித்துவிடலாம். அதற்கு முந்திய கார்கள் சிலவற்றில் அந்தந்த நிறுவனத்தின் ஸ்கேனர்தான் பேசும். 1990களின் சுசுகி எஞ்சின்கள் சிலவற்றில் இரண்டு முனைகளை ஒயரால் இணைத்தால் எஞ்சின் விளக்கே விட்டுவிட்டு மின்னி எண்ணைச் சொல்லும். அதில் 12 என்று வந்தால் கோளாறு இல்லை என்று பொருள்.

குறியீடு கிடைத்ததும் கடைக்கு ஓடுவதில்தான் பலருடைய பணம் வீணாகிறது. பி0118 என்றால் கூலன்ட் சென்சாரின் சர்க்யூட்டில் மின்னழுத்தம் அதிகம் என்பது மட்டுமே செய்தி. காரணம் சென்சாராக இருக்கலாம், ஒயராக இருக்கலாம், கழன்ற கப்ளராகவும் இருக்கலாம். பி0171 என்றால் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு. அதைப் பார்த்து ஆக்ஸிஜன் சென்சாரை மாற்றுவோர் ஏராளம். உண்மையில் அது தன் வேலையைச் சரியாகச் செய்து உண்மையைச் சொல்லியிருக்கக்கூடும். கோளாறு வெடித்துப்போன ஒரு வேக்குவம் ரப்பர் குழாயில் இருக்கலாம்.

எனவே கண்ணால் பார்ப்பது முதல் சோதனை. நிறுத்தி வைத்த காருக்குள் எலி புகுந்து ஒயரைக் கடிப்பது நம் ஊர்களில் சர்வசாதாரணம். ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு கப்ளருக்குள் ஈரம் தங்கி, முள்ளில் பச்சைக் களிம்பு ஏறியிருக்கும். கப்ளரைக் கழற்றி, கான்டாக்ட் கிளீனர் அடித்துக் காயவைத்து, ‘க்ளிக்’ என்று ஓசை வரும்வரை அழுத்தி மாட்டினாலே சில கோளாறுகள் தீர்ந்துவிடும். பேட்டரியின் நெகட்டிவிலிருந்து எஞ்சினுக்கும் பாடிக்கும் போகும் எர்த் ஒயர்களையும் தளர்த்திச் சுரண்டி மறுபடி இறுக்க வேண்டும். எர்த் சரியில்லாவிட்டால் நல்ல சென்சாரும் பொய் சொல்லும். பேட்டரி, எஞ்சின் அணைந்திருக்கும்போது 12.6 வோல்ட்டை ஒட்டியும், ஓடும்போது சுமார் 13.5 முதல் 14.5 வோல்ட் வரையும் காட்ட வேண்டும்.

அடுத்தது மல்டிமீட்டர். கூலன்ட் சென்சார் சூடேற ஏற மின்தடை குறையும் வகை. பரவலாகப் பயன்படும் சென்சார்களில் 20 டிகிரியில் ஏறத்தாழ 2,500 ஓம், 80 டிகிரியில் ஏறத்தாழ 300 ஓம் இருக்கும். சரியான அளவு அந்தந்த காரின் சர்வீஸ் மேனுவலில் இருக்கும். இரண்டு ஒயர் உள்ள இந்த சென்சாருக்கு மீட்டர்கூட இல்லாமல் ஒரு சோதனை உண்டு. ஸ்கேனரில் வெப்பநிலையைப் பார்த்துக்கொண்டே கப்ளரைக் கழற்றினால் மைனஸ் 40 காட்ட வேண்டும். கப்ளரின் இரண்டு முனைகளையும் ஒரு துண்டு ஒயரால் இணைத்தால் 130க்கு மேல் ஏற வேண்டும். இரண்டும் நடந்தால் ஒயரிங் நன்றாக இருக்கிறது, சென்சார்தான் போயிருக்கிறது. மற்ற சென்சார்களில் இப்படி முனைகளை இணைக்கவே கூடாது.

த்ராட்டில் சென்சாரில் ஆக்சிலரேட்டரை மெல்ல அழுத்தும்போது வோல்ட்டேஜ் சுமார் 0.5இலிருந்து 4.5 வரை இடையில் எங்கும் துள்ளாமல் ஏற வேண்டும். ஆக்ஸிஜன் சென்சாரின் பழைய ஜிர்கோனியா வகை, சூடேறிய பிறகு 0.1 வோல்ட்டுக்கும் 0.9 வோல்ட்டுக்கும் இடையே இடைவிடாமல் ஏறி இறங்க வேண்டும். ஓரிடத்தில் அசையாமல் நின்றால் சந்தேகப்படலாம். கிராங்க் சென்சாரில் இரண்டு ஒயர் இருந்தால் பெரும்பாலும் அது கம்பிச் சுருள் வகை. ஓம் அளவைச் சூடாக இருக்கும்போதும் ஆறிய பிறகும் எடுத்து ஒப்பிடலாம். மூன்று ஒயர் இருந்தால் பெரும்பாலும் அது மின்னணுச் சுற்று உள்ள ஹால் வகை. அதில் ஓம் அளக்கக் கூடாது.

சோதனை ஒரு சென்சாரை உறுதிசெய்த பிறகே கடைக்குப் போவது நியாயம். சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக் கடையானாலும் உள்ளூர் ஸ்பேர் பார்ட்ஸ் கடையானாலும் பழைய சென்சாரின் மேல் அச்சிட்டிருக்கும் பார்ட் எண்ணோடும் காரின் சேஸிஸ் எண்ணோடும் போக வேண்டும். ஒரே மாடலில் ஆண்டு மாறினால் கப்ளரும் மாறும். பெட்டி அசலைப்போலவே இருந்து, விலை மட்டும் நம்ப முடியாத அளவு குறைவாக இருந்தால் அதைத் தவிர்ப்பதே நல்லது. சென்னைப் புதுப்பேட்டையில் கிடைக்கும் பழைய பாகங்களில் கதவுக் கைப்பிடி வாங்கலாம். சூடேறிச் சூடேறி ஆயுள் தேய்ந்த ஆக்ஸிஜன் சென்சாரை வாங்குவதில் பொருளில்லை.

மாற்றும் வேலைக்கு முன் எஞ்சின் முழுவதும் ஆறியிருக்க வேண்டும். சூடான ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் அழுத்தத்தில் இருக்கும் கொதிநீர் முகத்தில் பீறிடும். பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்ற வேண்டும். காருக்கு அடியில் போக வேண்டியிருந்தால் ஜாக்கியை மட்டும் நம்பக் கூடாது. சமதளத்தில் ஆக்சில் ஸ்டாண்ட் வைத்து, சக்கரங்களுக்குக் கட்டை போட்ட பிறகே தலையை உள்ளே நீட்ட வேண்டும்.

கூலன்ட் சென்சாரில் புது வாஷர் அல்லது ஓ-ரிங் போட்டு மாட்டி, சிந்திய கூலன்ட்டை ஈடுசெய்து, சிக்கிய காற்றை வெளியேற்றினால் போதும். கிராங்க் சென்சாரின் முனையில் இரும்புத் தூள் ஒட்டியிருந்தால் அது உட்காரும் இடத்தையும் துடைக்க வேண்டும். கைக்கு அடங்காமல் முரண்டு பிடிப்பது பெரும்பாலும் ஆக்ஸிஜன் சென்சார்தான். பல ஆண்டுகள் சைலன்சர் சூட்டில் வெந்து மரை இறுகியிருக்கும். துரு இளக்கும் எண்ணெயை முதல் நாளே அடித்து ஊறவைத்து, பக்கத்தில் பிளவு உள்ள 22 மி.மீ. சாக்கெட்டால் திருப்பினால் மரை கெடாமல் வரும். புதியதன் மரையில் நிறுவனம் தடவி அனுப்பும் பசையைத் துடைக்கக் கூடாது. முனையில் எண்ணெயோ சிலிக்கான் பசையோ படக் கூடாது. ஒயரை வெட்டி ஒட்டும் யுனிவர்சல் வகையில் சால்டரிங் வேண்டாம். பல சென்சார்கள் ஒப்பீட்டுக்கான வெளிக்காற்றை அந்த ஒயரின் இழைகளுக்கு நடுவே இருந்துதான் எடுத்துக்கொள்கின்றன. ஈயம் ஊற்றினால் அந்த வழி அடைபடும். பெட்டியோடு வரும் கிரிம்ப் இணைப்புகளே சரி.

வேலை முடிந்ததும் பழைய குறியீட்டை அழித்துவிட்டு, நகருக்குள்ளும் நெடுஞ்சாலையிலும் ஓட்டிப் பார்த்து மறுபடி ஸ்கேன் செய்ய வேண்டும். பேட்டரி கழற்றியதால் ஈ.சி.யூ. தான் கற்றுவைத்த அளவுகளை மறந்திருக்கலாம். முதல் சில கிலோமீட்டர்களில் ஐட்லிங் சற்று ஏறி இறங்கினால் பயப்பட வேண்டாம். அதே குறியீடு திரும்பி வந்தால் இன்னொரு சென்சார் வாங்காமல் ஒயரிங்குக்குத் திரும்ப வேண்டும்.

ஏர்பேக்கின் மஞ்சள் நிற ஒயர்கள், பெட்ரோல் அழுத்தம் உள்ள குழாய்கள், டைமிங் பெல்ட்டைக் கழற்றினால் மட்டுமே எட்டும் சென்சார்கள் ஆகியவற்றை அனுபவமுள்ள மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள். அவரிடம் போகும்போதும், பார்த்த குறியீட்டையும் அளந்த அளவுகளையும் ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். எதை மாற்றப்போகிறார், எந்தச் சோதனையில் அது உறுதியானது என்று கேட்டுவிட்டு வேலைக்குச் சம்மதியுங்கள்.