எங்கே, எப்போது கொதிக்கிறது?

மே மாதத்தில் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறினால், பர்லியாறு தாண்டுவதற்குள் பானெட்டைத் தூக்கிவைத்தபடி நிற்கும் பழைய கார் ஒன்றையாவது பார்த்துவிடலாம். அங்கே கொதிக்கும் வண்டி, கோயம்பேடு நெரிசலில் கொதிக்கும் வண்டி, திண்டிவனம் நெடுஞ்சாலையில் எண்பதில் போகும்போது கொதிக்கும் வண்டி மூன்றும் ஒர்க்‌ஷாப்புக்கு ஒரே புகாரோடுதான் வருகின்றன: "அண்ணே, வண்டி ஹீட் ஆகுது." மூன்றுக்கும் காரணம் வேறு வேறாக இருக்கும். ஆனால் வைத்தியம் பெரும்பாலும் ஒரே வரிசையில்தான் நடக்கிறது. முதலில் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவார்கள். சரியாகவில்லையா, வாட்டர் பாடியை (தண்ணீர் பம்பைத்தான் அப்படிச் சொல்வார்கள்) மாற்று. அப்புறம் ரேடியேட்டர். கடைசியில் ஹெட்டைத் தூக்கு. பணமும் அதே வரிசையில் போகும். எந்த நேரத்தில், எந்தச் சாலையில் சூடாகிறது என்று முதலிலேயே கேட்டிருந்தால் இந்த வரிசையில் பாதி தேவைப்பட்டிருக்காது.

அம்பாசிடரையும் மாருதி 800ஐயும் வைத்தே பேசலாம். இரண்டின் உற்பத்தியும் 2014இல் நின்றது. ஆக, கடைசியாக வந்த வண்டிக்கும் பத்து வயது தாண்டிவிட்டது. அம்பாசிடரின் பழைய 1,489 சி.சி. பெட்ரோல் என்ஜின் முழுக்க வார்ப்பிரும்பு. அதன் விசிறி பெல்ட்டில் ஓடுவது. என்ஜின் மெதுவாகச் சுற்றினால் விசிறியும் மெதுவாகத்தான் சுற்றும். மாருதி 800இல் 796 சி.சி., மூன்று சிலிண்டர், அலுமினிய ஹெட். விசிறிக்குத் தனி மின்மோட்டார். தண்ணீர் குறிப்பிட்ட சூட்டைத் தொட்டால்தான் சுற்றும்.

நெரிசலில் மட்டும் சூடு காட்டும் முள் ஏறி, வண்டி ஓடத் தொடங்கியதும் இறங்கினால், சந்தேகம் காற்றின் மேல். மாருதியில் விசிறி சுவிட்சின் வயரைக் கழற்றி நேரடியாக இணைத்துப் பாருங்கள். விசிறி சுற்றினால் சுவிட்ச் போயிருக்கிறது; சுற்றாவிட்டால் ஃபியூஸ், ரிலே, மோட்டார் என்று தேட வேண்டும். அம்பாசிடரில் பெல்ட்டை விரலால் அழுத்திப் பார்க்க வேண்டும். சூடாகும்போதே டேஷ்போர்டில் சார்ஜிங் விளக்கும் எரிந்தால் பெல்ட்டேதான் குற்றவாளி. தண்ணீர் பம்பையும் சார்ஜிங்கையும் ஓட்டுவது அந்த ஒரே பெல்ட்.

நெடுஞ்சாலை வேகத்தில் கொதித்தால் கதை வேறு. காற்று தாராளமாக வருகிறது, ஆனாலும் சூடு இறங்கவில்லை என்றால், தண்ணீர் போதிய அளவு ஓடவில்லை அல்லது ரேடியேட்டர் அடைத்திருக்கிறது என்று பொருள். கீழ் ஹோஸ் பம்பின் உறிஞ்சும் பக்கம் இருப்பது. உள்ளே இருக்கும் கம்பிச்சுருள் துருப்பிடித்துப் போனால், ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது ஹோஸ் ஒட்டிக்கொண்டு வழியை அடைத்துவிடும். நின்று பார்த்தால் நன்றாகத்தான் தெரியும். ஒருவர் மிதிக்க, இன்னொருவர் குனிந்து பார்த்தால்தான் பிடிபடும். ரேடியேட்டர் அடைப்பைக் கண்டுபிடிக்க இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் போதும். (கொரோனா காலத்தில் நெற்றியில் காட்டிய கருவி உதவாது, அது மனித உடம்பின் சூட்டோடு நின்றுவிடும்.) கோர் முழுவதும் மேலிருந்து கீழாகச் சூடு சீராகக் குறைய வேண்டும். நடுவில் திட்டுத்திட்டாகக் குளிர்ந்திருந்தால் அங்கே தண்ணீர் போகவில்லை.

நம் ஊரில் இந்த அடைப்புக்குப் பெரிய காரணம் போர் தண்ணீர். உப்புத் தண்ணீரையே வருடக்கணக்கில் ஊற்றினால் குழாய்க்குள் சுண்ணாம்பு படியும். வார்ப்பிரும்பு பிளாக்கில் துருச்சேறும் அடியில் தங்கும். வாலை வடித்த தண்ணீரும் நல்ல கூலண்டும் ஊற்றுகிற செலவை வீண் என்பவர்கள், ரேடியேட்டர் கடையில் ராடிங் செய்யும்போது (குழாய்களுக்குள் கம்பி விட்டு அடைப்பெடுக்கும்போது) அந்தக் கணக்கைத் திரும்பப் பார்க்கலாம். எச்சரிக்கை ஒன்று: மிகப் பழைய படிவைக் கடும் ரசாயனம் ஊற்றிக் கழுவினால், அந்தப் படிவு இதுவரை அடைத்துவைத்திருந்த ஓட்டைகளும் திறந்துகொள்ளும்.

ரேடியேட்டருக்கு முன்பக்கத்தையும் பாருங்கள். பிற்பாடு பொருத்திய ஏ.சி. கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே சருகும் தூசியும் சேர்ந்திருக்கும். கூடுதல் விளக்கு, ஏர் ஹார்ன், ஆயுத பூஜைக்குக் கட்டி வாரக்கணக்கில் அவிழ்க்காத மாலை, எல்லாமே காற்றைத் தடுக்கும்.

இனி தெர்மோஸ்டாட், அதாவது என்ஜின் சூடாகும் வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் வால்வு. "நம்ம ஊர் வெயிலுக்கு இது எதுக்கு?" என்று கழற்றுவது பாதி ஒர்க்‌ஷாப்புகளில் வழக்கம். என்னைக் கேட்டால், பழைய வண்டிகளுக்கு நாம் செய்யும் பெரிய அநியாயம் இதுதான். இந்த வால்வு இல்லாத என்ஜின் தேவையான சூட்டுக்கு வரத் தாமதமாகும். பெட்ரோல் அதிகம் குடிக்கும், ஆயிலில் கசடு சேரும். சில என்ஜின்களில் அந்த வால்வே பைபாஸ் வழியையும் மூடுகிறது. அதை எடுத்துவிட்டால் தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமல் குறுக்கு வழியில் சுற்றிக்கொண்டிருக்கும். சூட்டைக் குறைக்கக் கழற்றியது சூட்டை ஏற்றும்.

கழற்றுவதற்குப் பதில் சோதிக்கலாம். பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, வால்வை நூலில் கட்டி அடியைத் தொடாமல் தொங்கவிட்டு, தெர்மாமீட்டரோடு அடுப்பில் ஏற்றுங்கள். 82 என்று பொறித்திருந்தால் அந்த டிகிரியை ஒட்டித் திறக்க ஆரம்பித்து, 95 வாக்கில் முழுதாகத் திறக்கும். ஊட்டிக்காரர்கள் மட்டும் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். 2,240 மீட்டர் உயரத்தில் தண்ணீர் ஏறத்தாழ 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். வால்வு முழுதாகத் திறக்கவில்லை என்றால் அது வால்வின் குற்றம் இல்லை.

அழுத்தம் குறைந்தால் கொதிநிலையும் இறங்கும் என்ற இதே கணக்குதான் ரேடியேட்டர் மூடியின் அருமையைச் சொல்கிறது. 0.9 பார் அழுத்தம் தாங்கும் மூடி, கடல் மட்டத்தில் வெறும் தண்ணீரின் கொதிநிலையைக்கூட 119 டிகிரி வரை உயர்த்திவைக்கும். ரப்பர் வெடித்த மூடியோடு மலையேறினால் அந்தப் பாதுகாப்பு முழுக்கப் போய்விடும். வாட்டர் பாடியைச் சந்தேகிப்பதற்கு முன் மூடியை மாற்றிப் பார்ப்பது மலிவு. சூடாக இருக்கும்போது அதைத் திறக்கக் கூடாது என்பதற்கும் காரணம் இதுவே: அழுத்தம் போன கணத்தில் நூறைத் தாண்டிய தண்ணீர் ஆவியாகி முகத்தில் அடிக்கும்.

ஏற்றத்தில் மட்டும் சூடானால் இவை எல்லாவற்றோடும் இக்னிஷன் டைமிங் பின்தங்கியிருக்கிறதா, பிரேக் பிடித்துக்கொண்டே சக்கரம் சுற்றுகிறதா, கிளட்ச் நழுவுகிறதா என்றும் பார்க்க வேண்டும். என்ஜினின் உழைப்பு வீணாகும் இடமெல்லாம் சூடு ஏறும் இடம்.

எல்லோரும் பயப்படும் ஹெட் கேஸ்கெட்டுக்குத் தனி அடையாளங்கள் உண்டு. சொட்டே தெரியாமல் தண்ணீர் குறையும். காலையில் குளிர்ந்த வண்டியை ஸ்டார்ட் செய்த சில நிமிடத்திலேயே மேல் ஹோஸ் கல்லாக இறுகும். மூடியைத் திறந்துவைத்து ஸ்டார்ட் செய்தால் விடாமல் குமிழி வரும். ஆயில் பால் கலந்த நிறத்துக்கு மாறும். இன்னும் உறுதி வேண்டுமென்றால், ரேடியேட்டர் வாயில் வைத்துச் சோதிக்கும் நீலத் திரவம் இருக்கிறது. எரிந்த வாயு கலந்தால் மஞ்சளாகும். கேஸ்கெட் போனது உறுதியாகி ஹெட்டை எடுத்தால், வெறும் கேஸ்கெட்டை மாற்றி மூடிவிடாதீர்கள். மாருதியின் அலுமினிய ஹெட் ஒரே கொதிப்பில் வளைந்துவிடக்கூடும். ஸ்கேல் வைத்து, ஃபீலர் கேஜால் பார்த்து, வளைந்திருந்தால் லேத்தில் ஃபேசிங் கொடுக்க வேண்டும்.

பழுதெல்லாம் சரிசெய்த பிறகும் ஒரு வேலை மிச்சம் இருக்கிறது. கூலண்டை மெதுவாக ஊற்றி, ஹீட்டர் வழியைத் திறந்துவைத்து, மூடி போடாமல் தெர்மோஸ்டாட் திறக்கும் வரை என்ஜினை ஓடவிட்டு, மட்டம் இறங்க இறங்க ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அவசரப்பட்டால் உள்ளே காற்று மாட்டிக்கொள்ளும். மறுநாள் அதே வண்டி, அதே புகாரோடு வந்து நிற்கும். வாட்டர் பாடியை மாற்றிப் பார்க்கலாமா என்று யாராவது கேட்பார்கள்.