எண்ணி இறக்கப்படும் தங்கம்

காஞ்சிபுரத்துப் பிள்ளையார்பாளையத் தறிகளில் ஓடும் அசல் சரிகையில், பட்டிழையைச் சுற்றிய வெள்ளித் தகட்டின்மேல் முலாமாக ஏறியுள்ள தங்கம் மொத்த எடையில் நூற்றுக்கு ஒரு பங்குகூட இல்லை என்றாலும், அந்த மெல்லிய பூச்சிலும் அது கறுக்காத மஞ்சள் தங்கமாகவே இருக்கிறது. அதே உலோகம் சில அணுக்கள் மட்டுமே சேர்ந்த நானோக் கொத்தாகச் சிறுக்கும்போதோ, அதன் குணத்தை எடை அன்றி எண்ணிக்கையே தீர்மானிக்கத் தொடங்குகிறது. மக்னீசியம் ஆக்சைடுப் பரப்பில் அமர்ந்து, தாழ்ந்த வெப்பநிலையிலேயே கார்பன் மோனாக்சைடை ஆக்சிஜனுடன் சேர்க்கவல்ல மிகச் சிறிய தங்கக் கொத்து 8 அணுக்கள் கொண்டது என்று ஹைஸ், லாண்ட்மன் முதலியோர் 1999இல் காட்டினர். அணுக்களை எண்ணிப் பிரித்து இறக்கும் கருவியின் தேவை இங்கேதான் எழுகிறது.

ஜெர்மனியின் ஹாபர்லாண்ட் 1990களின் தொடக்கத்தில் உருவாக்கிய முறையில், பின்புறம் காந்தங்கள் பொருத்திய உலோகத் தகட்டின்மேல் அயனியான ஆர்கான் மோதி, உலோக அணுக்களைப் பெயர்த்தெறிகிறது. திரவ நைட்ரஜனால் குளிர்ந்த சுவர்களுக்கிடையே மெல்ல நகரும் ஆர்கானும் ஹீலியமும் அவ்வணுக்களின் வெப்பத்தை வாங்கிக்கொள்ள, மார்கழி விடியலில் ஈரம் பனித்துளியாகத் திரள்வதுபோல அவை ஒட்டிக் கொத்தாகின்றன. அவற்றுள் கணிசமானவை மின்னூட்டத்துடனேயே பிறப்பது பெரிய வசதி. மின்னூட்டம் உள்ளதைத்தான் மின்புலத்தால் பிடித்து வழிநடத்த இயலும்.

சிறு துளை வழியே கற்றை வெளிவர, உடன்வந்த வாயுவைப் பம்புகள் உறிஞ்சிவிடுகின்றன. அடுத்துள்ள நான்முனை வடிகட்டியில் இணையாக நிற்கும் நான்கு கோல்களுக்கு நேர் மின்னழுத்தமும் மாறு மின்னழுத்தமும் சேர்த்துக் கொடுக்கப்படுவதால், நிறைக்கும் மின்னூட்டத்துக்கும் உள்ள விகிதம் பொருந்திய கொத்து மட்டும் நடுவே அலைந்தபடி மறுமுனை சேர, ஏனையவை வழிதவறிக் கழிகின்றன. சிறு கொத்துகளில் ஓரணு வேற்றுமையும் பிடிபடும். 923 அணுக்கள் போன்ற பெரிய கொத்துகளில் முன்பின் 20 அணுக்கள் வரை பிசகு ஏற்கப்படுவதுண்டு.

இறக்குவதும் நுட்பமான வேலையே. அணு ஒன்றுக்கு 1 எலெக்ட்ரான் வோல்ட்டுக்கும் குறைந்த ஆற்றலில் வந்தால் கொத்து உடையாமல் அமரும், மிகுந்தால் சிதறும். வழவழப்பான கிராஃபைட்டிலோ மெல்ல இறங்கிய கொத்து சறுக்கிச் சென்று படிவிளிம்பில் பிறவற்றோடு மோதிச் சேர்ந்துவிடுவதால், அடியிலுள்ள கார்பன் அணு ஒன்று இடம்பெயரும் அளவுக்குச் சற்று ஓங்கி இறக்கி, ஆணி அடித்தாற்போல நிறுத்துகின்றனர்.

சென்னை ஐ.ஐ.டி.யில் தலப்பில் பிரதீப் குழுவினர் வேறு வழியில், மூலக்கூறுகள் போர்த்திய கொத்துகளைக் கரைசலில் வளர்த்து, மின்தெளிப்பால் அயனிகளாக்கி எடைபோடுகின்றனர். 25 அணுத் தங்கக் கொத்தும் 44 அணு வெள்ளிக் கொத்தும் கரைசலில் சந்தித்தால் தம்முள் அணுக்களை மாற்றிக்கொள்வதை 2016இல் அவர்கள் வெளியிட்டது, உலோகத்தையும் மூலக்கூறுபோல் வினைபுரியும் பொருளாகக் காணச் செய்த அருமையான பணி.

கற்றை முறையின் குறை அளவுதான். 1 நானோ ஆம்பியர் கற்றை வினாடிக்குச் சுமார் 600 கோடி கொத்துகளைக் கொண்டுவந்தாலும், 923 அணுத் தங்கக் கொத்து ஒரு மில்லிகிராம் சேர ஏறக்குறைய ஆறு நாள் இரவுபகலாக ஓட வேண்டும். உறைந்த ஆர்கானுக்குள் உலோக அணுக்களைப் பதித்து, அதன்மேல் அயனிகளை மோதவிட்டுக் கொத்துகளைப் பெருவாரியாக எடுக்கும் புதிய மூலங்களைப் பிரிட்டனில் பாமர் குழுவினர் அமைத்தது இக்குறையைத் தீர்க்கவே.