குரங்கும் வெள்ளைக் கரடியும்

‘மருந்து குடிக்கும்போது குரங்கை நினைக்காதே’ என்று வைத்தியர் சொல்லியனுப்பிய கதை நமக்கெல்லாம் தெரியும். அதுவரை மருந்துக்கும் குரங்குக்கும் முடிச்சே போட்டிராத நோயாளிக்கு, அதன்பிறகு ஒவ்வொரு வேளையும் கண்முன் குரங்குதான். இதையே 1987-ல் ஒருவர் ஆய்வுக்கூடத்தில் செய்து பார்த்தார். அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தின் டிரினிட்டி பல்கலைக்கழகத்தில் உளவியல் பேராசிரியராக இருந்த டேனியல் வெக்னர். அவர் எடுத்துக்கொண்டது வெள்ளைக் கரடி.

மாணவர்களை ஒவ்வொருவராகத் தனியே உட்காரவைத்தார். எதிரே ஒலிப்பதிவுக் கருவி, கைக்கெட்டும் தூரத்தில் ஒரு மணி. ஐந்து நிமிடத்துக்கு மனதில் ஓடுவதையெல்லாம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். வெள்ளைக் கரடியை மட்டும் நினைக்கக் கூடாது. நினைப்பு வந்துவிட்டால் மணியடிக்க வேண்டும். சராசரியாக நிமிடத்துக்கு ஒரு தடவைக்கு மேலாகவே கரடி வந்து போனது. அதைவிட வியப்பு அடுத்த ஐந்து நிமிடத்தில். ‘இனி தாராளமாக நினைக்கலாம்’ என்று சொன்னதும், அதுவரை அடக்கிவைத்திருந்தவர்கள் கரடியை நினைத்துத் தள்ளிவிட்டார்கள். ஆரம்பத்திலேயே நினைக்க அனுமதி பெற்றவர்கள்கூட அந்த அளவுக்கு நினைக்கவில்லை.

ஏன் இப்படி? வெக்னர் பின்னாளில் சொன்ன விளக்கம் அழகானது. ஒரு நினைப்பை விரட்டும்போது மனதில் இரண்டு வேலைகள் சேர்ந்து நடக்கின்றன. ஒன்று, வேறு எதையாவது தேடிப்பிடித்து அதில் கவனத்தை வைப்பது. இதற்கு முயற்சி வேண்டும், தெம்பு வேண்டும். மற்றொன்று, அந்த வேண்டாத நினைப்பு வந்துவிட்டதா என்று ஓயாமல் சோதிப்பது. இதற்கு எந்த முயற்சியும் தேவையில்லை, தானாக நடக்கும். கரடி வந்ததா என்று பார்க்கவேண்டுமானால், கரடி எப்படி இருக்கும் என்பது நினைவில் இருந்தாக வேண்டுமே! உடலும் மனமும் களைத்துப்போனால் முதல் வேலை நின்றுவிடுகிறது, இரண்டாவது மட்டும் நடந்துகொண்டிருக்கிறது. பகலெல்லாம் ஒதுக்கிவைத்த கவலை, நள்ளிரவில் விழிப்பு வரும்போது முழு உருவத்தோடு எதிரே நிற்பது இதனால்தான்.

சரி, கரடியை யாரோ சொல்லி நினைத்தார்கள். யாரும் சொல்லாமலே நம் மனம் ஏன் எதையாவது நினைத்துக்கொண்டே இருக்கிறது?

மூளையின் எடை ஏறத்தாழ 1.4 கிலோ, உடல் எடையில் 2 சதவீதம்தான். ஆனால் நாம் செலவிடும் ஆற்றலில் ஏறக்குறைய 20 சதவீதத்தை அது எடுத்துக்கொள்கிறது. வாட் கணக்கில் சொன்னால் சுமார் 20. வீட்டில் இரண்டு சிறிய எல்இடி பல்புகள் எரிய ஆகும் மின்சாரம். கடினமான கணக்கு ஒன்றைப் போட உட்கார்ந்தால் இது எவ்வளவு கூடும்? 5 சதவீதம்கூடக் கூடுவதில்லை. அதாவது நாம் சும்மா இருக்கும்போதே மூளை கிட்டத்தட்ட முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது.

என்ன வேலையில்? மூளைப் படமெடுக்கும் ஆய்வாளர்களுக்கு 1990-களில் ஒரு விசித்திரம் தட்டுப்பட்டது. ஒருவருக்கு வேலை கொடுத்தால் அதற்குரிய மூளைப் பகுதி சுறுசுறுப்பாவது எதிர்பார்த்ததுதான். ஆனால், எந்த வேலையைக் கொடுத்தாலும் குறிப்பிட்ட சில பகுதிகள் அடங்கிப்போயின. வேலை முடிந்ததும் மீண்டும் எழுந்தன. 2001-ல் செயின்ட் லூயிஸ் நகரின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மார்கஸ் ரெய்க்கலும் சகாக்களும் இதையே மூளையின் இயல்புநிலை என்று எழுதினார்கள். நெற்றிக்குப் பின்னால் நடுக்கோட்டில் ஒரு பகுதி, பிடரிப் பக்கமாக உள்ளே ஒன்று, இரு காதுகளுக்கும் மேலே சற்றுப் பின்தள்ளி இரண்டு. இவை சேர்ந்து இயங்குவதை ‘டிஃபால்ட் மோட் நெட்வொர்க்’ என்கிறார்கள். தமிழில் இயல்புநிலை வலையமைப்பு. நடந்ததை நினைவுகூர்வது, நடக்கப்போவதைக் கற்பனை செய்வது, அடுத்தவர் மனதில் என்ன இருக்கும் என்று ஊகிப்பது, ‘நான்’ என்ற கதையைக் கோத்துக்கொண்டே போவது எல்லாம் இங்கேதான். நாளைய சமையலைத் திட்டமிடுவதும், மகளின் முகம் வாடியிருப்பது ஏன் என்று யோசிப்பதும் இதன் தயவில்தான். இந்த வலையமைப்பைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

சிக்கல், அது ஒரே இடத்தில் சுற்ற ஆரம்பிக்கும்போது வருகிறது. ‘ஏன் அப்படிப் பேசினேன்? அவர் என்ன நினைத்திருப்பார்?’ என்று பழையதையே அசைபோடும் மனப்போக்கை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தவர் சூசன் நோலன்-ஹூக்செமா. 1989 அக்டோபரில் கலிஃபோர்னியாவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில், மாணவர்கள் மனம் கலங்கும்போது என்ன செய்கிறார்கள் என்று ஒரு கேள்வித்தாள் கொடுத்து நிரப்பி வாங்கியிருந்தார். 14 நாள் கழித்து, அக்டோபர் 17-ஆம் தேதி, அந்த வட்டாரத்தையே 6.9 அளவு நிலநடுக்கம் உலுக்கியது. இப்படி ஒரு சோதனையை எந்த ஆய்வாளராலும் ஏற்பாடு செய்ய முடியாது. நிலநடுக்கத்துக்குப் பத்து நாள் கழித்தும், ஏழு வாரம் கழித்தும் அதே மாணவர்களை மறுபடி விசாரித்தார். அசைபோடும் வழக்கம் முன்பே இருந்தவர்களிடம் மனச்சோர்வு கூடுதலாக இருந்தது, ஏழு வாரமாகியும் விடவில்லை. (வாரக்கணக்கில் உறக்கமும் பசியும் கெட்டுப்போனால், அதைத் தனியாகச் சமாளிக்க வேண்டியதில்லை. மருத்துவரிடம் போவதே சரி.)

அடக்கினால் திமிறும், அசைபோட்டால் ஆழமாகும். அப்படியானால் எப்படித்தான் விடுவது?

வெக்னரின் பரிசோதனையிலேயே ஒரு துப்பு இருந்தது. மாணவர்களில் ஒரு குழுவுக்கு, கரடி நினைப்பு வந்தால் அதற்குப் பதிலாகச் சிவப்பு நிற வோக்ஸ்வேகன் காரை நினைக்கச் சொல்லியிருந்தார். அவர்களிடம் கரடியின் மறுபடையெடுப்பு வெகுவாகக் குறைந்தது. மனதுக்குப் பிடித்துக்கொள்ள ஏதாவது ஒன்று வேண்டும். அது கிடைத்தால் வேண்டாத நினைப்பை விட்டுவிடுகிறது. காகிதம்கூடப் போதும். அமெரிக்காவின் பேய்லர் பல்கலைக்கழகத்தில் 57 இளைஞர்களைத் தலையில் மின்முனைகளோடு உறங்கவைத்த ஆய்வு ஒன்று 2018-ல் வெளியானது. படுக்கும்முன் ஐந்து நிமிடம், பாதிப்பேர் இனிச் செய்யவேண்டிய வேலைகளை எழுதினார்கள். மீதிப்பேர் செய்து முடித்ததை எழுதினார்கள். செய்யவேண்டியதை எழுதியவர்கள் சராசரியாக ஒன்பது நிமிடம் முன்னதாகத் தூங்கிவிட்டார்கள். எவ்வளவு விவரமாக எழுதினார்களோ அவ்வளவு சீக்கிரம். மூளை தலைக்குள் திரும்பத் திரும்ப நினைவூட்டிக்கொண்டிருந்த வேலை காகிதத்துக்குப் போய்விட்டது.

இன்னும் அருகில் ஒரு பிடிமானம் இருக்கிறது. இடதுகை மணிக்கட்டில், கட்டைவிரலின் அடிப்பக்கமாக, வலதுகையின் இரண்டு விரல்களை வைத்து நாடியைத் தொட்டுப் பாருங்கள். நான்கு எண்ணும்வரை மூச்சை இழுங்கள், எட்டு எண்ணும்வரை மெல்ல விடுங்கள். இழுக்கும்போது துடிப்பு சற்றே நெருங்கும். விடும்போது இடைவெளி கூடும். சிலருக்கு இது விரலிலேயே தெளிவாகத் தெரியும். இதயத்துக்குள் துடிப்பைத் தொடங்கிவைக்கும் திசுவைத் தன்போக்கில் விட்டால் அது நிமிடத்துக்கு நூறு தடவை போல அடிக்கும். அதை எழுபதுக்குப் பக்கத்தில் பிடித்துவைத்திருப்பது, மூளைத்தண்டிலிருந்து வயிறுவரை இறங்கும் வேகஸ் நரம்பு. மூச்சை இழுக்கும் ஒவ்வொரு முறையும் அதன் பிடி தளர்கிறது, விடும் ஒவ்வொரு முறையும் இறுகுகிறது. இதயத்திடம் ‘மெதுவாக அடி’ என்று நாம் நேரடியாகச் சொல்ல முடியாது, மூச்சு வழியாகச் சொல்லலாம்.

மூச்சுக்கும் பதற்றத்துக்கும் மூளைக்குள்ளேயே கம்பி இழுத்திருக்கிறது என்பது 2017-ல் எலிகளில் தெரியவந்தது. மூச்சின் தாளத்தை உண்டாக்கும் இடம் மூளைத்தண்டில் உள்ள ஒரு சிறு நரம்பணுக் கூட்டம். அந்தக் கூட்டத்தில் ஏறக்குறைய 175 நரம்பணுக்கள் மட்டும், மூளையை உசுப்பிவிடும் வேறொரு மையத்தோடு பேசிக்கொண்டிருந்தன. அவற்றை மட்டும் நீக்கியபோது எலிகளின் மூச்சு நிற்கவில்லை. புதிய கூண்டில் விட்டாலும் அங்குமிங்கும் மோப்பம் பிடித்து அலையாமல், நிதானமாக உட்கார்ந்து மேனியை நக்கிச் சுத்தம் செய்துகொண்டிருந்தன.

எனக்கு இவை எல்லாவற்றிலும் பிடித்தது, எமரி பல்கலைக்கழகத்தில் நடந்து 2012-ல் வெளியான ஓர் ஆய்வு. தியானப் பழக்கம் உள்ள 14 பேரை எம்ஆர்ஐ கருவிக்குள் படுக்கவைத்து, இருபது நிமிடம் மூச்சைக் கவனிக்கச் சொன்னார்கள். மனம் எங்கோ போய்விட்டது என்று தெரிந்த கணத்தில் ஒரு பொத்தானை அழுத்திவிட்டு, மறுபடி மூச்சுக்குத் திரும்ப வேண்டும். பழகியவர்களாயிற்றே, மனம் அப்படியே நிற்கும் என்றுதான் நினைப்போம். சராசரியாக ஒவ்வொருவரும் பத்துத் தடவைக்கு மேல் அழுத்தினார்கள். மனம் அலைந்த நேரத்தில் படத்தில் துலங்கியது அதே இயல்புநிலை வலையமைப்பு. ‘அட, எங்கேயோ போய்விட்டேன்’ என்று உணர்ந்த கணத்தில் எழுந்தது முற்றிலும் வேறொன்று, எது முக்கியம் என்று சுட்டிக்காட்டும் வலையமைப்பு. திருப்பிக் கொண்டுவந்தது நெற்றியின் பக்கவாட்டில் உள்ள, கவனத்தை ஆளும் பகுதிகள். அலைவது, அறிவது, திரும்புவது என்று இது ஒரு சுற்று. இந்தச் சுற்றில் எந்த இடத்திலும் யாரும் எந்த நினைப்பையும் விரட்டவில்லை.